நகையும் இளிவரலும்: ‘லாலிபாப் செயின்சா’ காணொளி விளையாட்டில் உடலும் பார்வையும்

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானின் கிராஸ்ஹாப்பர் மானுஃபேக்சர் நிறுவனம் உருவாக்கி 2012ஆம் ஆண்டு வெளிவந்த ‘லாலிபாப் செயின்சா’, ஜாம்பிக் கூட்டத்தை வெட்டி வீழ்த்தும் நகைச்சுவைக் காணொளி விளையாட்டாகும். இவ்விளையாட்டின் கதை, ஆட்டமுறை, வெகுமதி அமைப்பு ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அருவருப்பு நகையாக மாறும் முறையைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கருத்துகளின் துணைகொண்டு விளக்குகிறது. கதை எழுப்பும் விமரிசனத்தை வெகுமதி அமைப்பே மறுதலிக்கிறது என்பதையும் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, ஜாம்பி, மெய்ப்பாடு, நகை, இளிவரல், பகடி, உடல்.

முன்னுரை

கதை சொல்லும் கலைவடிவங்களுள் காணொளி விளையாட்டு இளையது. நூலைப் படிப்பவரும் திரைப்படத்தைக் காண்பவரும் நிகழ்வுகளுக்கு வெளியே நிற்கின்றனர். விளையாடுபவரோ நிகழ்வைத் தம் கையால் நடத்துகிறார். எனவே ஒரு விளையாட்டு எதைச் சொல்கிறது என்பதோடு, எதைச் செய்யவைக்கிறது, எதற்குப் பரிசளிக்கிறது என்பனவும் ஆய்வுக்குரியன. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களில்தான் படைப்பின் உண்மையான நிலைப்பாடு வெளிப்படும். அத்தகைய முரணுக்கு ‘லாலிபாப் செயின்சா’ தக்கதோர் எடுத்துக்காட்டு.

வெட்டி வீழ்த்தும் ஆட்டவகை

நெருங்கி நின்று படைக்கலத்தால் பகைவர் கூட்டத்தைத் தொடர்ந்து தாக்குவதை மையமாகக் கொண்ட விளையாட்டுகள் ‘ஹேக் அண்ட் ஸ்லாஷ்’ எனப்படும். ‘டெவில் மே கிரை’ (2001), ‘காட் ஆஃப் வார்’ (2005), ‘பேயோனெட்டா’ (2009) ஆகியன இவ்வகையில் புகழ்பெற்றவை. இவற்றில் பகைவரை வெல்வது மட்டும் போதுமானதன்று. எவ்வளவு நேர்த்தியாக, எத்தனை வேறுபட்ட தாக்குதல்களைக் கோத்து வென்றார் என்பதே ஆட்டக்காரரின் திறனாக மதிப்பிடப்படுகிறது. இவ்வகையில் வன்முறை ஏறத்தாழ நடனத்தின் இயல்பைப் பெறுகிறது.

இத்தகைய ஆட்டத்திற்கு ஜாம்பி மிகவும் பொருந்தும் பகைவனாகும். ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968), ‘டான் ஆஃப் தி டெட்’ (1978) ஆகிய திரைப்படங்கள் நடைப்பிணக் கூட்டத்தின் இலக்கணத்தை வகுத்தன. ஜாம்பி முன்னரே இறந்தது, தனிப்பெயர் அற்றது, எண்ணற்றுப் பெருகுவது. ஆகவே அதனை வெட்டுபவருக்குக் குற்றவுணர்வு தோன்றுவதில்லை. வெட்டுதலை இன்பமாக்க வேண்டிய ஆட்டவகைக்கு இக்குற்றமின்மை பெரிதும் உதவுகிறது.

படைப்பாளரும் கதையும்

இவ்விளையாட்டின் படைப்புத் தலைமையை ஏற்றவர் கோயிச்சி சுடா. ‘கில்லர் 7’ (2005), ‘நோ மோர் ஹீரோஸ்’ (2007) முதலிய விளையாட்டுகளால் அறியப்பட்டவர். கதையாக்கத்தில் பங்கேற்றவர் அமெரிக்கத் திரைப்படக் கலைஞர் ஜேம்ஸ் கன். ரொமேரோவின் படத்தைத் தழுவி 2004இல் வெளிவந்த ‘டான் ஆஃப் தி டெட்’ படத்தின் திரைக்கதையை எழுதியவர் இவரே. ‘சைலண்ட் ஹில்’ தொடரின் இசையால் புகழ்பெற்ற அகிரா யமவோகா இசைப்பணியில் இடம்பெற்றார். ஜப்பானிய விளையாட்டு மரபும் அமெரிக்கத் திகில்பட மரபும் இங்கு இணைந்தமையை இப்பெயர்களே உணர்த்தும்.

கதை அமெரிக்கப் பள்ளியொன்றில் தொடங்குகிறது. அப்பள்ளியின் பெயர் சான் ரொமேரோ. பின்னர் வரும் பண்ணைக்கு ஓபானன் என்றும் கேளிக்கை மையத்திற்குப் புல்ச்சி என்றும் பெயர். டான் ஓபானன், லூச்சியோ புல்ச்சி ஆகிய திகில்பட இயக்குநர்களை இப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. முன்னோர் படைப்புகளை அறிந்தவர் ரசிப்பதற்கென்றே இவை வைக்கப்பட்டுள்ளன.

கதைத்தலைவி ஜூலியட் ஸ்டார்லிங், விளையாட்டரங்கில் ஆடிப்பாடி ஊக்கமூட்டும் சியர்லீடர் குழுவைச் சேர்ந்தவள். ஜாம்பி வேட்டையைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவள். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பமே அவளது படைக்கலம். அவளது பதினெட்டாம் பிறந்தநாளன்று, சகமாணவரால் ஒதுக்கப்பட்ட ஸ்வான் என்னும் இளைஞன் ‘அழுகிய உலகம்’ எனப்படும் மறுவுலகின் வாயிலைத் திறந்துவிடுகிறான். ஊர் முழுதும் ஜாம்பிகளால் நிறைகிறது. ஜூலியட்டைக் காக்க முயன்ற காதலன் நிக் ஜாம்பியால் கடிபடுகிறான். நஞ்சு தலைக்கேறாமல் தடுக்க அவள் அவன் தலையைத் துண்டித்து, மந்திரத்தால் உயிர்ப்பித்து, தன் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போரைத் தொடர்கிறாள்.

ஆட்டமுறை

சியர்லீடர் கையில் ஏந்தும் குஞ்சங்களால் அடிப்பது விரைவானது. அது ஜாம்பியைத் தளரச் செய்யும். ரம்பத்தால் வெட்டுவது மெதுவானது. அது உயிரைப் பறிக்கும். முதலில் தளரச்செய்து பின்னர்த் தலையைக் கொய்வதே இவ்வாட்டத்தின் அடிப்படை இலக்கணம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஜாம்பிகளை ஒரே வேளையில் வீழ்த்தினால் ‘ஸ்பார்க்கிள் ஹன்டிங்’ எனப்படும் சிறப்புக் காட்சி தோன்றி மிகுதியான பதக்கங்கள் கிடைக்கும். இதனால் ஆட்டக்காரர் அருகிலுள்ள ஜாம்பியை உடனே கொல்லாமல் கூட்டத்தைத் திரட்டிக் காத்திருக்கக் கற்கிறார். பொறுமையைக் கற்பிக்கும் இவ்விதி ஆட்டத்தின் சிறந்த கூறு எனலாம்.

வெட்டுண்ட உடலிலிருந்து குருதியோடு வானவில் வண்ணங்களும் விண்மீன்களும் இதய வடிவங்களும் சிதறுகின்றன. ஜாம்பிகளைக் கூடைப்பந்தாக எறிதல், நிக்கின் தலையை அடிப்பந்தாட்டக் களத்தில் காத்தல், அறுவடை இயந்திரத்தால் வயலில் ஜாம்பிகளை மழித்தல் எனச் சிறு ஆட்டங்கள் இடையிடையே வருகின்றன. ஒவ்வொரு கட்டத்தின் தலைமைப் பகைவனும் ஓர் இசைவகையின் உருவகம்: பங்க், வைக்கிங் மெட்டல், சைக்கடெலிக், ஃபங்க், ராக் அண்ட் ரோல்.

குறைகளும் உள. தொடக்கத்தில் தாக்குதல்கள் சிலவாகவே இருப்பதால் சண்டை சலிப்பூட்டுகிறது. திரையில் தோன்றும் பொத்தானைக் குறித்த நொடியில் அழுத்த வேண்டிய காட்சிகள் மிகையாக உள்ளன. ‘பேயோனெட்டா’வின் ஆழம் இதன் சண்டைமுறையில் இல்லை. கதையும் சில மணிநேரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆயினும், மேலும் மேலும் மிகைப்படுத்திச் செல்லும் துணிவே இதனை நினைவில் நிறுத்துகிறது.

இளிவரல் நகையாதல்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் களன்களை நந்நான்காகக் குறிப்பிடுகிறார். நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றாலும், இளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றாலும் பிறக்கும். இப்பகுப்பைப் பொருத்திப் பார்க்கையில் விளையாட்டின் நகைச்சுவை இயங்கும் முறை தெளிவாகிறது.

ஜாம்பி பிணி, அழிவு ஆகியவற்றின் உருவம். இயல்பாக இளிவரலுக்கும் அச்சத்துக்கும் உரியது. அதன் எதிரே நிறுத்தப்படும் ஜூலியட் நகையின் களன்களைத் தன்னிடத்தே கொண்டவள். அவள் இளையவள், ஊர் அழியும் வேளையில் தன் உடல் எடையைப் பற்றிக் கவலைப்படும் பேதைமை உடையவள். அவளோடு வரும் தலையோ சூழலை இடைவிடாது எள்ளுகிறது. இவ்வாறு இளிவரலின் பொருளும் நகையின் களனும் ஒரே காட்சியில் மோதுகின்றன. குருதியோடு விண்மீன்கள் சிதறும் காட்சி அம்மோதலின் வண்ண வடிவமேயாகும்.

கோரத்தை நகையோடு கலத்தல் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழட்டு உண்ணும் பகுதி இத்தகைய கலப்பால் அமைந்ததே. இரண்டிற்கும் தொடர்பு எதுவும் இல்லை. எனினும், மிகையின் எல்லையைக் கடந்த கோரம் சிரிப்பாக மாறும் என்னும் உண்மையை இரண்டும் காட்டுகின்றன. வேறுபாடு ஒன்று உண்டு: பரணியின் நகை வென்ற மன்னனின் புகழுக்குத் துணைநிற்கிறது. இவ்விளையாட்டின் நகை எதற்குத் துணைநிற்கிறது என்பதே அடுத்து எழும் வினா.

இரண்டு உடல்கள்

இவ்விளையாட்டின் மையத்தில் இரண்டு உடல்கள் உள்ளன. ஒன்று இல்லாத உடல். மற்றொன்று அளவுக்கு மீறிக் காட்டப்படும் உடல்.

இல்லாத உடல் நிக்கினுடையது. தலையாக வாழ அவன் ஒப்புக்கொள்ளவில்லை; அவனிடம் கேட்கவும் இல்லை. கண்விழித்துத் தன் நிலையை உணர்ந்ததும் அவன் கலங்குகிறான். ஆனால் ஜூலியட்டும் அவள் குடும்பத்தாரும் அதனைப் பெரிதாகக் கொள்வதில்லை. தேவைப்படும்போது அவன் தலையற்ற ஜாம்பி உடல்களில் பொருத்தப்பட்டு வழிகளைத் திறக்கவும் தடைகளை அகற்றவும் பயன்படுகிறான். பல திகில்படங்களிலும் விளையாட்டுகளிலும் காக்கப்படும் பொருளாகவும் பரிசாகவும் பெண் நின்ற இடத்தில் இங்கு ஆண் நிற்கிறான். விருப்பம் கேட்கப்படாமல் பிறரின் அணிகலனாக இருப்பது எத்தகையது என்பதை நிக்கின் புலம்பல்கள் வழி ஆட்டக்காரர் மணிக்கணக்கில் கேட்கிறார். நகைச்சுவையின் அடியில் ஓடும் கூர்மையான விமரிசனம் இது.

முதல் தலைமைப் பகைவனான ஸெட் இவ்விமரிசனத்தை வலுப்படுத்துகிறான். அவன் பெண்களை இழிவுசெய்யும் வசைச்சொற்களைக் கத்த, அச்சொற்கள் எழுத்துருவம் பெற்று ஜூலியட்டைத் தாக்க வருகின்றன. ஆட்டக்காரர் அவற்றிலிருந்து அவளைக் காத்து வெல்ல வேண்டும். வசைச்சொல்லும் ஒரு படைக்கலமே என்பதை விளக்கவுரை ஏதுமின்றி ஆட்டவிதியாலேயே உணர்த்தும் பகுதி இது.

காட்டப்படும் உடல் ஜூலியட்டினுடையது. குட்டைப்பாவாடையும் தாழ்ந்து நோக்கும் ஒளிப்படக் கோணங்களும் அவளைத் தொடர்ந்து காட்சிப்பொருளாக்குகின்றன. இதுவும் பகடியே என்று வாதிடலாம். திகில்படங்கள் சியர்லீடர் பெண்ணைக் காட்டும் முறையை மிகைப்படுத்திக் காட்டுவதே நோக்கம் எனலாம். ஆனால் வெகுமதி அமைப்பு அவ்வாதத்திற்கு இடந்தரவில்லை. திறமையாக ஆடிப்பெறும் பிளாட்டினப் பதக்கங்களைக் கொண்டு வாங்கக்கூடியவற்றுள் அவளது உடலை மேலும் வெளிக்காட்டும் ஆடைகளும் உள்ளன. ஒளிப்படக் கருவியைத் தாழ்த்தி அவள் பாவாடைக்குள் நோக்கினால், அவள் கையால் மறைத்துக்கொள்கிறாள். ஆட்டக்காரருக்கோ ஒரு சாதனை விருது கிடைக்கிறது. தவறுதலாகச் செய்துவிட்டதாகச் சத்தியம் செய்வது போன்ற பெயர் அவ்விருதுக்கு இடப்பட்டுள்ளது.

இவ்விருதே இவ்வாய்வின் முதன்மைச் சான்று. அவள் மறைத்துக்கொள்வது அவளது மறுப்பு. அம்மறுப்பை விளையாட்டு அறிந்திருக்கிறது. அறிந்தும் மீறியவருக்குப் பரிசளிக்கிறது. பரிசின் பெயரால் மீறலைச் சிரிப்பாக்குகிறது. நிக்கின் வழி ஒப்புதலின்மையின் துயரைப் பேசிய படைப்பு, தலைவியின் ஒப்புதலின்மையை வேடிக்கையாக்குகிறது. ஸெட்டின் வசைச்சொற்களை எதிர்த்துப் போராடுமாறு ஆட்டக்காரரைப் பணிக்கும் விளையாட்டு, அவரையே வேறொரு வகையில் ஸெட்டின் பக்கம் நிற்கவைக்கிறது.

இறுதிக் காட்சி இம்முரணைச் சற்றே தணிக்கிறது. பேருருக்கொண்ட கில்லாபிலியை அழிப்பதற்கு நிக் தானே முன்வந்து தன்னை ஈகிறான். கதை முழுதும் பிறர் கையில் பொருளாக இருந்தவன் தன் முடிவைத் தானே தேர்கிறான். பெருமிதத்தின் களன்களுள் கொடையும் ஒன்றாதலின், இக்காட்சியில் நகை விலகிப் பெருமிதம் இடம்பெறுகிறது. பின்னர் உடலோடு மீளும் நிக்குக்குக் கிடைப்பது அவனது உடலன்று. ஜூலியட்டின் முதிய ஆசான் மோரிக்காவாவின் உடல். நகை மீண்டும் திரும்புகிறது. ஆயினும் தனக்குரிய உடல் எது என்பதை இம்முறையும் நிக்கிடம் எவரும் கேட்கவில்லை.

மறுவெளியீடு

2024ஆம் ஆண்டு டிராகாமி கேம்ஸ் நிறுவனம் ‘லாலிபாப் செயின்சா ரீபாப்’ என்னும் பெயரில் இதனை மீண்டும் வெளியிட்டது. சண்டை விரைவுபடுத்தப்பட்டது, உரிமம் பெற்றுப் பயன்படுத்தப்பட்ட பாடல்கள் பல நீங்கி வேறு இசை சேர்ந்தது. பழம் பாடல்களின் இனிமையும் ரம்பத்தின் இரைச்சலும் மோதுவதால் விளைந்த நகை இதனால் ஓரளவு குறைந்தது. காணொளி விளையாட்டில் இசை பின்னணி மட்டுமன்று, பொருளின் ஒரு பகுதி என்பதற்கு இம்மாற்றமே சான்று.

முடிவுரை

‘லாலிபாப் செயின்சா’ மகிழ்வூட்டும் விளையாட்டு. அருவருப்பை நகையாக்கும் அதன் திறன் குறிப்பிடத்தக்கது. நிக்கின் தலையும் ஸெட்டின் வசைச்சொற்களும் அது வெறும் கேளிக்கை அன்று என்பதை மெய்ப்பிக்கின்றன. எனினும் பகடி என்பது எதனை எள்ளுகிறதோ அதனிடமிருந்து விலகி நிற்க வேண்டும். கதை விலகி நிற்கிறது. வெகுமதி நெருங்கிச் சென்று அதனோடு கைகோக்கிறது. ஆகவே காணொளி விளையாட்டை ஆராய்வோர் பாத்திரங்களின் கூற்றையும் கதைமுடிவையும் மட்டும் நோக்குதல் போதாது. எச்செயலுக்குப் பரிசு வழங்கப்படுகிறது என்பதையும் நோக்க வேண்டும். விளையாட்டின் அறம் அதன் பரிசுப் பட்டியலிலும் எழுதப்பட்டுள்ளது.