விரால் மருந்தும் சட்டைப் பையும்

தெலுங்கர் 'மிருகசிர கார்த்தி' என்னும் ஜூன் நாளில் ஐதராபாத் நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்தில் ஆஸ்துமாக்காரர்கள் திரண்டுவிடுகிறார்கள். கையில் பாலிதீன் பை; பைத் தண்ணீரில் விரலளவு விரால் குஞ்சு. பத்தினி கௌடு குடும்பத்தார் மஞ்சள் நிற மருந்தை மீனின் வாயில் வைத்து, உயிரோடு தொண்டையில் இறக்குகிறார்கள். சைவர்களுக்கு வெல்லத்தில் தருவதுண்டு. மருந்துக்குக் காசில்லை, மீனுக்குத்தான் காசு. 1845-இல் ஒரு சாது சொல்லிக்கொடுத்தது என்பார்கள். பக்குவம் இன்றும் ரகசியம்.

தொடர்ந்து மூன்று வருடம் விழுங்க வேண்டும் என்பது ஏற்பாடு. லாலாகுடாவில் குடியிருக்கும் தமிழர் ஒருவர் முதல் வருடம் விழுங்கினார். 45 நாள் பத்தியமும் இருந்தார். மூச்சு லேசானது போலிருந்ததாம். அந்தத் தைரியத்தில் டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிட்டார். மார்கழிப் பனியில் ஓரிரவு பேச்சே வரவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. மனைவி பக்கத்து வீட்டாரை எழுப்பி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார்.

ஆஸ்துமா தானே ஏறி, தானே தணியும் நோய். தணியும் சமயம் எதைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்கே போகும். மீன் இறங்குவது உணவுக்குழாயில். வீக்கம் இருப்பதோ மூச்சுக்குழாயில். டாக்டர் இதைத்தான் பொறுமையாகச் சொன்னார்.

ஆனாலும் மறு ஜூனில் அவர் வரிசைக்குப் போனார். "மூன்று வருடம் என்று நினைத்துக்கொண்டாயிற்று, விடக்கூடாது" என்றார். மனைவி தடுக்கவில்லை. கூடவே போய், வரிசை நகர நகர, அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்ஹேலர் இருந்தது.