திராட்சைப் பந்தல் போய் சோலார் பந்தல்

கார் நுழையாத 23 கி.மீ. சைக்கிள் பாதை ஹைதராபாத்துக்குக் கிடைத்தது. ஆனால் ஊருக்கு மேற்கே தானாகவே அமைந்திருந்த அமைதியான சாலைகளுக்கு ஆபத்து வந்திருக்கிறது.

விடியற்காலை ஐந்தரை மணி. நானக்ராம்குடாவின் கண்ணாடிக் கோபுரங்களில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. வெளிவட்டச் சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு ஓடுகின்றன. அதை ஒட்டி, சூரியத் தகடுகளைக் கூரையாக வேய்ந்த நீளமான பந்தல் ஒன்று. அதன் அடியில் ஹெல்மெட் அணிந்த சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் வேகமாக மிதித்துப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், டாக்டரின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டு மூச்சு வாங்க மிதிக்கும் நடுத்தர வயதுக்காரர்கள். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டியதுமில்லை. இந்தியப் பெருநகரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய சொகுசு கிடையாது.

2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட இந்தப் பாதைக்கு 'ஹெல்த்வே' என்று பெயர். நானக்ராம்குடாவிலிருந்து போலீஸ் அகாதெமி வரை 8.5 கி.மீ.; நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை 14.5 கி.மீ. ஆக மொத்தம் 23 கி.மீ. நாலரை மீட்டர் அகலத்தில் மூன்று தடங்கள். கூரையின் சூரியத் தகடுகளுக்கு 16 மெகாவாட் மின் உற்பத்தித் திறன். இரவிலும் ஓட்டலாம் என்பதற்காக விளக்குகள், கண்காணிப்புக் கேமராக்கள். முன்மாதிரி தென் கொரியா. அங்கே டேஜோன், செஜோங் நகரங்களுக்கு நடுவே நெடுஞ்சாலையின் மையத்திலேயே சூரியக் கூரையுடன் சைக்கிள் தடம் போட்டிருக்கிறார்கள். ஹைதராபாத்தில் அது சாலையோரத்துக்கு வந்தது.

தேவை என்னவோ உண்மையானதுதான். 158 கி.மீ. நீளமுள்ள எட்டு வழி வெளிவட்டச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கே அனுமதி இல்லை. ஊருக்குள்ளோ சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் நடக்கிறவருக்கும் இடமில்லை. பாதை திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2023 ஜூலையில், நகரின் மேற்கு விளிம்பில் காலை நடை சென்ற இரண்டு பெண்கள் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார்கள். அதற்கு முன்பும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2015 ஆகஸ்டில் ஹைடெக் சிட்டியில் வியாழக்கிழமைதோறும் காரை வீட்டிலேயே விட்டுவரச் சொல்லி ஓர் இயக்கம் தொடங்கியது. காரை விட்டுவிட்டு வருவது சரி, சைக்கிளை எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க எட்டு ஆண்டுகள் ஆயின.

கிடைத்த பதிலில் ஒரு குறை உண்டு. பாதையில் கார் இல்லை; பக்கத்தில் காரைத் தவிர வேறொன்றும் இல்லை. இரைச்சல் கூடவே வருகிறது. அதனால்தான் நீண்ட தூரம் ஓட்டிப் பழகியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தலை விட்டு வெளியேறி இன்னும் மேற்கே போகிறார்கள். கண்டிப்பேட்டை ஏரிக்கரை, சில்கூர், மொயினாபாத், சங்கர்பள்ளி, செவெள்ளா. தக்காண மேட்டு நிலம் இங்கே சமதளம் அல்ல. ஏறி இறங்கி, அலை அலையாகப் போகும். 250 கோடி ஆண்டு வயதான கருங்கல் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். நடுவே சோளம், காய்கறி, பூந்தோட்டம், எங்காவது ஒரு திராட்சைப் பந்தல்.

ராஜ திராட்சை: இந்த 'எங்காவது ஒன்று' ஒரு காலத்தில் 'எங்கு பார்த்தாலும்' என்றிருந்தது. திராட்சை என்றதும் தமிழர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைதான் நினைவுக்கு வரும். ஹைதராபாத்காரர்களுக்கு 'அனாப்-இ-ஷாஹி', அதாவது ராஜ திராட்சை. வெளிறிய பச்சையில் நீண்டு தடித்த, கொட்டை உள்ள பழம். ஒயினுக்கு அல்ல, சாப்பிடுவதற்கு. நிஜாம் ஆட்சிக்காலத்தில் அப்துல் பாகர் கான் என்பவரின் வீட்டு வளாகத்தில் வளர்ந்த கொடியிலிருந்து பரவியதாகச் சொல்லப்படும் இந்த ரகம், பின்னாளில் தென்னிந்தியாவின் முக்கிய வணிகப் பயிர்களில் ஒன்றானது. கம்பிப் பந்தலில் கொடியைப் படரவிட்டு, கோடையில் ஒருமுறை, மழை முடிந்து அக்டோபர் வாக்கில் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்வார்கள். முதல் கவாத்து கிளைக்கு, இரண்டாவது காய்க்கு. பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை அறுவடை. ஒரு ஹெக்டேருக்கு இந்தப் பந்தல்கள் தந்த மகசூல் உலகத் திராட்சை நிபுணர்களையே வியக்கவைத்தது. ராஜேந்திரநகரில் திராட்சைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

பிறகு நகரம் வளர்ந்தது. 1998இல் ஹைடெக் சிட்டி திறந்தது. 2008இல் திராட்சைக்குப் பேர்போன ஷம்ஷாபாத்தில் விமான நிலையம் வந்தது. அதே ஆண்டில் கச்சிபவுலியிலிருந்து ஷம்ஷாபாத்துக்கு வெளிவட்டச் சாலையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. பந்தலுக்குக் கம்பியும் கல்தூணும் வேண்டும். கவாத்து தெரிந்த ஆட்கள் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வேண்டும். மாவுப்பூச்சிக்கு மருந்து வேண்டும். அத்தனையும் செய்து பல ஆண்டுகளில் சம்பாதிப்பதை, நிலத்தை மனை போட்டு விற்றால் ஒரே கையெழுத்தில் சம்பாதித்துவிடலாம் என்ற நிலை வந்தபோது யார்தான் கொடியைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்? கொம்பள்ளியிலும் மேட்சலிலும் பந்தல்கள் இருந்த இடங்களில் வீடுகள் முளைத்தன. மிச்சமிருக்கும் தோட்டங்களில் சில, சீசனில் நகரத்துக் குடும்பங்களை உள்ளே விட்டு, தாங்களே பறித்து எடை போட்டு வாங்கிப்போகச் சொல்கின்றன.

தோட்டம் போனால் கூடவே சாலையும் போகிறது என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். வயலுக்கு நடுவே போகும் சாலை அமைதியாக இருப்பதற்குக் காரணம் அதில் போய்ச்சேர வேண்டிய கார்கள் அதிகம் இல்லை என்பது. இரு பக்கமும் வில்லாக்கள் வந்தால், வில்லாவுக்கு இரண்டு கார் வீதம் அதே சாலையில் வந்துசேரும். பிறகு அகலப்படுத்துவார்கள். அகலப்படுத்தினால் வேகம் கூடும். சைக்கிள் ஓரத்துக்குப் போய், ஓரத்திலிருந்து வீட்டுக்குப் போய்விடும்.

பிரான்ஸ் பாடம்: திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்ட உலகமெங்கிருந்தும் ஆட்கள் வரும் பர்கண்டியில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே பொம்மார், வோல்னே, மெர்சோ போன்ற ஒயின் கிராமங்களை இணைக்கும் சுமார் 20 கி.மீ. 'திராட்சைத் தோட்ட வழி', தோட்டத்து டிராக்டர்கள் போய்வரும் ஒற்றையடிச் சாலைகளின் வழியே போகிறது. கொஞ்சம் தெற்கே, ஷிவ்ரியிலிருந்து க்ளூனி வரை, ரயில் நின்றுபோன தடத்தின் மேல் 1997இல் 44 கி.மீ. 'பசுமை வழி' திறந்தது. அதுதான் பிரான்சில் அந்த வகையில் முதலாவது. இரண்டிலும் சைக்கிளுக்கென்று புதிதாக நிலம் எடுக்கவில்லை. இருந்ததையே விட்டுவைத்தார்கள். விட்டுவைக்க முடிந்ததற்குக் காரணம் நல்லெண்ணம் மட்டுமல்ல. எந்த நிலத்தில் எந்த ஒயின் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. அங்கே ஒரு துண்டுத் தோட்டம், வீட்டு மனையாவதைவிடத் தோட்டமாக இருப்பதில்தான் விலை மதிப்பு அதிகம். 2015இல் யுனெஸ்கோவும் அந்தத் தோட்டங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஹைதராபாத்தின் மேற்கிலும் ஒரு சட்டம் இதே வேலையைச் செய்தது, தனக்கே தெரியாமல். 1908இல் மூசி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் கட்டிமுடிக்கப்பட்டன. இந்த இரண்டு ஏரிகளின் தண்ணீரைக் காப்பதற்காக ஆந்திரப் பிரதேச அரசு 1996இல் அரசாணை எண் 111ஐப் பிறப்பித்தது. ஏரிகளைச் சுற்றி 10 கி.மீ. வரை, 84 கிராமங்களில், மாசுபடுத்தும் தொழிற்சாலைகளுக்கும் பெரிய ஓட்டல்களுக்கும் குடியிருப்புக் காலனிகளுக்கும் தடை. குடிநீருக்காகப் போட்ட ஆணை கால் நூற்றாண்டு காலம் வயல்களைக் காத்தது. வயல்கள் சாலைகளைக் காத்தன. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள் அனுபவிப்பது அந்த ஆணையின் பலனைத்தான்.

கிராமத்துக்காரர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஏக்கரைக் கோடிக் கணக்கில் விற்க, இந்தப் பக்கம் இருப்பவர் நகரம் குடிக்கும் தண்ணீருக்காகத் தன் நிலத்தைச் சும்மா வைத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக அவருக்கு எதுவும் வரவில்லை. அவர்களின் மனக்குறையில் நியாயம் இருந்தது. 2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு, ஏரிகளின் தண்ணீர் கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு, அந்தக் கட்டுப்பாடுகளை நீக்க ஆணையிட்டது. இரண்டு ஏரிகளையும் நம்பித்தான் நகரம் குடிக்கிறது என்ற நிலை மாறிவிட்டது என்பது அரசின் வாதம். வெள்ளத்தைத் தடுப்பதும் அந்த ஏரிகள்தான் என்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் வாதம்.

இதே இழுபறியின் இன்னொரு முகம் செவெள்ளா சாலை. போலீஸ் அகாதெமி சந்திப்பிலிருந்து மன்னேகூடா வரை 46 கி.மீ. தூரம், இருபுறமும் நிஜாம் காலத்தில் நட்ட ஆலமரங்கள், தொள்ளாயிரத்துக்கும் மேல். தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் திட்டம் வந்ததும் மரங்களைக் காப்பாற்ற இயக்கம் தொடங்கியது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை வந்தது. அகலம் கேட்பவர்களையும் குறை சொல்லிவிட முடியாது. குறுகலான சாலையில் எதிரெதிரே வரும் பஸ்ஸும் டிப்பர் லாரியும் உயிரைப் பறிக்கின்றன. ஆனால் ஆலமர நிழல்தான் அந்தச் சாலையின் பழைய கூரை. அதற்கு மெகாவாட் கணக்கு கிடையாது. திறப்பு விழாவும் நடந்ததில்லை.

சைக்கிள் என்றால் ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சி மட்டும்தானா என்ற கேள்வியும் இருக்கிறது. நானக்ராம்குடாவின் கட்டடங்களுக்கு இரவுக் காவலுக்கு வருபவரும், விடியலில் பேப்பர் போடும் பையனும், பால்காரரும் ஓட்டுவதும் சைக்கிள்தான். அவர்களுடைய வழி அந்த 23 கி.மீ. பந்தலுக்குள் அடங்காது. சந்திலிருந்து பெரிய சாலைக்கு, பெரிய சாலையிலிருந்து மேம்பாலத்தின் அடிக்கு என்று போகிறது. அந்த வழியில் ஒரு மீட்டர் இடம் ஒதுக்குவது, கோடிகளைச் செலவழித்துக் கூரை போடுவதைவிடச் செலவு குறைந்த வேலை. கார்க்காரர்களிடமிருந்து அந்த ஒரு மீட்டரைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதால் கடினமான வேலையும் கூட.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வழியாக, இருபுறமும் பந்தல் நிற்க, இன்றைக்கும் சைக்கிளில் போய்வரலாம். குறியீடு பழத்தின் பெயரைத்தான் காக்கும். நிலத்தைக் காக்காது. விவசாயிக்குத் தோட்டத்தில் கிடைப்பது மனையில் கிடைப்பதற்கு ஓரளவாவது ஈடாக இருந்தால்தான் பந்தல் நிற்கும்.

எட்டு மணிக்கெல்லாம் ஹைதராபாத்தின் மேற்குச் சாலைகளில் கார்கள் வரத்தொடங்கிவிடுகின்றன. கண்டிப்பேட்டை பக்கம் போனவர்கள் ஓரத்துக்கு ஒதுங்கி, ஒற்றை வரிசையாக நகரத்துக்குத் திரும்புகிறார்கள். நார்சிங்கியில் சோலார் பந்தலுக்குள் நுழைந்த பிறகுதான் மறுபடி இருவர் இருவராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறது.