மணமற்ற சோப்பு

மணமற்ற சோப்பு என்பது வாசனைப் பொருள் எதுவும் சேர்க்காமல், எண்ணெயையும் காரத்தையும் மட்டும் கொண்டு செய்யப்படும் குளியல் சோப்பு ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டைக்குச் செல்பவர்கள் தங்கள் உடல் மணத்தை விலங்கு உணராதிருக்க இதை வீட்டிலேயே செய்துகொள்வது உண்டு. கடைச் சோப்புகளில் "மணமற்றது" என்று அச்சிடப்பட்டிருந்தாலும், எண்ணெயின் இயற்கை வாசத்தை மறைக்கச் சிறிதளவு வேறொரு வாசனைப் பொருள் சேர்க்கப்பட்டிருக்கலாம். வாசனைப் பொருளே சேர்க்காத சோப்பு வேறு, வாசனை தெரியாத சோப்பு வேறு.

இந்தியாவில் இதன் வேட்டைப் பயன் சட்டத்தால் முடிந்துபோன ஒன்று. நீலகிரியில் 1879 முதலே வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் தனிப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. அது வேட்டையை ஒழுங்குபடுத்தியது, ஒழிக்கவில்லை. வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972-இன் 9-ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. உரிமம் பெற்று வேட்டையாடும் வழியும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்துடன் அடைபட்டது.

உடல் மணமும் சோப்பும்

புதிதாகச் சுரக்கும் வியர்வைக்குப் பெரிதாக மணம் கிடையாது. அக்குள் போன்ற இடங்களில் உள்ள சுரப்பிகளின் கசிவைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும் உண்டாகின்றன. மூக்கு உணர்வது இவற்றைத்தான். சோப்பு நீர் காரத்தன்மை கொண்டது (pH சுமார் 9 முதல் 10). அதில் இந்த அமிலங்கள் ஆவியாகாத உப்புகளாக மாறி நீரோடு போய்விடுகின்றன. பாக்டீரியாக்களில் ஒரு பகுதியும் கழுவப்படுகிறது; சில மணி நேரத்தில் அவை மீண்டும் பெருகிவிடும்.

வேட்டைக்காரர்களின் செய்முறைகள் பலவற்றில் சமையல் சோடா சேர்க்கச் சொல்லப்பட்டிருக்கும். அது அமில மணத்தை அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் சோப்பே காரமாக இருப்பதால் கூடுதல் பயன் மிகக் குறைவு. காய்ச்சும்போதே சேர்த்தால் கெடுதலும் உண்டு: 84 கிராம் சமையல் சோடா 40 கிராம் காஸ்டிக் சோடாவை வாஷிங் சோடாவாக மாற்றிவிடும். சோப்பாக வேண்டிய எண்ணெய் அப்படியே தங்கிவிடும்.

செய்முறை

எண்ணெய்த் தேர்வில்தான் பாதி வேலை இருக்கிறது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்க்கு அதன் வாசம் உண்டு. வேப்பெண்ணெய் இந்த வேலைக்கு அறவே ஆகாது. சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ மணமற்றது. அதன் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 விழுக்காடு நிறைவுற்றவை என்பதால் எளிதில் சிக்கு வாடை பிடிக்காது. சூரியகாந்தி எண்ணெயில் செய்த சோப்பு சில மாதங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளோடு வாடை வீசத் தொடங்கலாம்.

500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற சுமார் 91 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடா) தேவை. அவ்வளவும் சேர்த்தால் சோப்பு தோலை வறளச் செய்யும். ஆகவே 20 விழுக்காடு குறைத்து 73 கிராம் சேர்ப்பது வழக்கம். இதற்கு 170 கிராம் நீர் போதும். இந்தக் கணக்கு தேங்காய் எண்ணெய்க்கு மட்டுமே உரியது. அதே 500 கிராம் நல்லெண்ணெய்க்கு மொத்தத் தேவையே சுமார் 67 கிராம்தான். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு 73 கிராம் காரத்தைப் போட்டால், எஞ்சிய காரம் தோலைப் புண்ணாக்கும். எடையை டிஜிட்டல் தராசில் பார்க்க வேண்டும்; கரண்டி அளவு உதவாது.

காரத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகக் கொட்ட வேண்டும்; காரத்தின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் 80 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடேறும். அலுமினியப் பாத்திரம் கூடாது. காரம் அதை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். எவர்சில்வர் பாத்திரம் தகுந்தது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் அண்டாதபடி செய்ய வேண்டும். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் உடனே நிறைய நீரில் தொடர்ந்து கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சாக்கடை அடைப்பு நீக்கும் தூளில் வேறு பொருள்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால் அது உதவாது.

கரைசலும் எண்ணெயும் சுமார் 40 டிகிரிக்கு ஆறியபின் ஒன்றாக ஊற்றி, இட்லி மாவுப் பதம் வரும்வரை கலக்கி அச்சில் ஊற்றுவர். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு விரைவில் இறுகும். அன்றே வெட்டாவிட்டால் பொடிந்துபோகும். பின்னர் நான்கு வாரம் காற்றாட உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோப்பின் மேல் நீர்த்துளி கோப்பது கிளிசரினால். அது கெட்டுப்போனதன் அடையாளமன்று. கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் இருப்பதால் திரை படியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைக் கொண்டு காய்ச்சுவது நல்லது.

வாலாஜாபாத் வட்டாரத்தில்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் தொழில் வட்டாரத்தில் மானுக்குப் பதிலாகப் பெயிண்ட் பூச்சு இந்தப் பொருளை நினைவூட்டுகிறது. வாகனங்களுக்கு வண்ணம் பூசும் கூடங்களில் உலகெங்கும் பணியாளர்களின் அழகுப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. டியோடரண்ட், ஷாம்பு, கண்டிஷனர் போன்றவற்றில் உள்ள சிலிக்கோன் மிகச் சிறிதளவு பட்டாலும் ஈரப் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகிக் குழி விழும். வீட்டுச் சோப்பில் சிலிக்கோன் இல்லை. ஆனால் 20 விழுக்காடு எண்ணெய் எஞ்சும் சோப்பும், தலையில் தடவும் எண்ணெயும் அதே குறையை உண்டாக்கக்கூடியவை என்பதால், "இயற்கையானது" என்பதே அங்கு தகுதியாகாது. வாசனைப் பொருள்களால் தோல் அழற்சி வருபவர்களுக்கு இது உண்மையிலேயே உதவலாம். விற்பனைக்காகச் செய்வதானால் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும்.

மணத்தை முற்றிலும் மறைக்க முடியுமா

மூச்சுக் காற்றும், இடைவிடாது உதிரும் தோல் செதில்களும் மணத்தைச் சுமக்கின்றன. எந்தச் சோப்பும் இவற்றை நிறுத்தாது. மணத்தை உறிஞ்சும் கார்பன் உடை அணிந்து ஒளிந்திருந்தவர்களையும் தேடல் நாய்கள் ஏறக்குறைய எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டதாக, 2002-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஷிவிக் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காட்டில் விலங்குகளைக் கணக்கெடுப்பவர்களும் படமெடுப்பவர்களும் சோப்பை விடக் காற்றின் திசையையே நம்புகிறார்கள். ஒரு சிட்டிகை மண்ணைத் தூவி, அது பறக்கும் பக்கம் விலங்கு இல்லாதவாறு நகர்கிறார்கள்.