மகுடிக்கு ஆடாது... பால் குடிக்காது... பழி வாங்காது! பாம்பு பற்றி நாம் நம்பும் கதைகள்

சென்னை,

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்கினால் கூட பரவாயில்லை. பாம்பு பற்றி சின்ன வயசில் இருந்து கேட்ட கதைகளை நம்பி, ஆஸ்பத்திரிக்கு போகாமல் உயிரை விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் பாம்பு கடித்து சுமார் 12 லட்சம் பேர் இறந்து இருக்கிறார்கள் என்று ஆய்வு ஒன்று சொல்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர்! பெரும்பாலானவர்கள் கிராமத்து ஏழை ஜனங்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்பு கடியை கட்டாயம் தகவல் தர வேண்டிய நோய்கள் பட்டியலில் சேர்த்தது. பாம்பு கடித்து ஒருவர் வந்தால் தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் அரசுக்கு கணக்கு சொல்லியாக வேண்டும்.

சரி, நாம் நம்புகிற கதைகளில் எது நிஜம், எது டூப்? பார்ப்போமா?

மகுடி ஊதினால் ஆடுமா?

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. செவிப்பறையும் கிடையாது. தரையில் வரும் அதிர்வைத்தான் தாடை எலும்பு வழியாக உணர்கிறது. காற்றில் வரும் சில சத்தங்களையும் ஓரளவு உணரும். ஆனால் மகுடி பாட்டை ரசிக்கும் காது அதற்கு இல்லை.

பிறகு ஏன் ஆடுகிறது? பாம்பாட்டி மகுடியை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். "இது நம்மை தாக்க வருதோ" என்று பயந்து, அந்த அசைவை பார்த்து பாம்பும் தலையை திருப்புகிறது. அது டான்ஸ் இல்லை, உஷார்!

பால் குடிக்குமா?

பால் என்பது ஆடு, மாடு, மனுஷன் மாதிரி பாலூட்டி இனத்தின் சாப்பாடு. எலி, தவளை தின்னும் பாம்புக்கு பால் செரிக்காது. பல நாள் தண்ணீர் காட்டாமல் தாகத்தில் போட்டு வைத்தால், எதை வைத்தாலும் குடிக்கும். அப்படி குடித்த பாம்பு பிழைப்பதே கஷ்டம்.

பழி வாங்குமா?

1979-ல் வந்த "நீயா?" படம் நினைவு இருக்கிறதா? ஜோடியை கொன்றவர்களை தேடித்தேடி பழி வாங்குமே, அந்த நாகம். தியேட்டரில் பார்த்தவர்கள் பல நாள் தூங்கி இருக்க மாட்டார்கள். ஆனால் ஆள் முகத்தை நினைவில் வைத்து வீடு தேடி வரும் அளவுக்கு பாம்புக்கு மூளை கிடையாது. பாம்பு ஜோடி போட்டு குடித்தனம் நடத்துவதும் இல்லை. இனப்பெருக்கம் முடிந்தால் அது அது பாட்டுக்கு போய்விடும்.

சாரையும் நல்லபாம்பும் ஜோடியா?

"சாரைதான் ஆண், நல்லபாம்பு பெண்" என்று ஊரில் பெரியவங்க சொல்வாங்க. தப்பு. இரண்டும் வேற வேற இனம். நல்லபாம்பில் ஆணுக்கும் படம் உண்டு, பெண்ணுக்கும் படம் உண்டு. சொல்லப்போனால், சாரை சிக்கினால் நல்லபாம்பு பிடித்து தின்றே விடும்.

வயலில் 2 சாரை பின்னிப்பிணைந்து எழும்பி நிற்பதை பார்த்து துணி போடுகிறார்களே, அதுவும் பெரும்பாலும் காதல் இல்லை. 2 ஆண் சாரைகள் போடும் குஸ்தி அது!

பச்சைப்பாம்பு கண்ணை கொத்தும், கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு சுடுகாடு வரை வந்து பார்க்கும் என்பதும் கட்டுக்கதைதான். கொம்பேறிக்கு விஷமே கிடையாது. பச்சைப்பாம்பின் லேசான விஷம் மனிதனை கொல்லாது. மண்ணுளிப் பாம்புக்கு 2 தலையும் இல்லை, ஒன்று மொட்டை வால். "கோடி ரூபாய்க்கு போகும்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அதை பிடிப்பதும் விற்பதும் ஜெயிலுக்கு போகிற குற்றம்.

அசல் வில்லன்கள் 4 பேர்

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன. பாம்புக்கடி சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு காரணம் நாலே நாலு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

கண்ணாடி விரியன் குக்கர் விசில் மாதிரி சீறும். முட்டை போடாது, குட்டி போடும். அதன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, கிட்னியையும் கெடுக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து கண்ணாடி குழாயில் 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து பார்க்கிறார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். "டாக்டர் சும்மா உட்கார வெச்சுட்டார்" என்று சண்டை போடாதீர்கள்.

கட்டுவிரியன்தான் திருட்டுப்பயல். இருட்டில் எலி தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் போட்டு படுத்திருப்பவரை தூக்கத்திலேயே கடிக்கும். பல் ரொம்ப சின்னது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, சில நேரம் தடம் கூட தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி வரும். பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். "நேத்து சாப்பிட்டது சேரலை" என்று சோடா வாங்கி கொடுத்து நேரத்தை விட்டுவிடுகிறார்கள். தரையில் படுத்தவருக்கு விடியலில் வயிறு வலித்து, கண்ணும் சொருகினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மந்திரம் எப்படி பலிக்கிறது?

"எங்க ஊரு வைத்தியர் நூறு பேரை காப்பாத்தி இருக்கார்" என்பார்கள். ரகசியம் இதுதான். நம்மை கடிக்கிற பாம்புகளில் பாதிக்கு மேல் விஷம் இல்லாதவை. விஷப்பாம்பு கூட சில தடவை விஷத்தை இறக்காமல் வெறும் கடி கடித்துவிட்டு போகும். இவர்கள் மந்திரம் போட்டாலும் பிழைப்பார்கள், போடாவிட்டாலும் பிழைப்பார்கள். நிஜமாகவே விஷம் ஏறியவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

குதிரை கொடுக்கும் மருந்து

விஷத்தை முறிக்கும் மருந்து ஒன்றே ஒன்றுதான். பாம்பு விஷத்தை கொஞ்சம் கொஞ்சமாக குதிரைக்கு ஊசி போடுகிறார்கள். குதிரை உடம்பு எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும். அந்த ரத்தத்தில் இருந்து மருந்தை பிரித்து எடுக்கிறார்கள். நாலு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து. இன்னொரு ஆச்சரியம், கைக்குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். ஆளைப் பார்த்து பாம்பு விஷத்தை குறைப்பது இல்லையே!

இந்த மருந்துக்கான விஷம் வருவது நம்ம சென்னை பக்கத்தில் இருந்து. கிழக்கு கடற்கரை சாலை வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம்தான் நாட்டுக்கே விஷம் எடுத்து கொடுத்து வருகிறது. பாம்பை கொல்வது இல்லை. சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்துவிட்டு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இந்த சமூகத்தை சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவே கூப்பிட்டது. புளோரிடா சதுப்பு நிலத்தில் பெருகிப்போன மலைப்பாம்புகளில் 13-ஐ இரண்டே வாரத்துக்குள் பிடித்து கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கடித்தால் என்ன செய்யணும்?

* பதறி ஓட வேண்டாம். கடிபட்டவரை படுக்க வையுங்கள், கை காலை அசைக்க விடாதீர்கள். எலும்பு முறிவுக்கு கட்டுவது போல கட்டை வைத்து லேசாக கட்டலாம்.

* மோதிரம், வளையல், கொலுசை கழற்றி விடுங்கள். வீங்கினால் கழற்ற முடியாது.

* கயிறு போட்டு இறுக்கி கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க வேண்டி வரலாம். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும்.

* பாம்பை தேடிப்பிடித்து பையில் கொண்டு போக வேண்டாம். மருந்து ஒன்றுதான் என்பதால் டாக்டருக்கு அது தேவை இல்லை. கடித்த நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

* 108-க்கு போன் போட்டு, அரசு ஆஸ்பத்திரிக்கு போங்கள். அங்கே விஷ முறிவு மருந்து இலவசம்.

ராத்திரி வெளியே போனால் டார்ச் லைட் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் படுப்பவர்கள் கொசு வலையை பாய்க்கு அடியில் சுற்றி சொருகி விடுங்கள். கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது. வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டால் கம்பை தூக்காமல் 101-க்கு போன் பண்ணுங்கள், தீயணைப்பு வீரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.