உருளும் இல்லங்கள்

கனடாவின் மேற்கே உள்ள கல்கரி நகரிலிருந்து மலைகளை நோக்கிச் செல்லும் குடும்பங்கள் பல, வேனிற்காலத்தில் ஒருவகை வண்டியை நாடுகின்றன. ஆர்.வி. என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் அவ்வண்டி ஓர் உருளும் இல்லம். உள்ளே படுக்கையுண்டு; அடுப்புண்டு; நன்னீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனித் தாங்கிகள் உண்டு. மாலையில் தங்குமிடம் சேர்ந்து மின்னிணைப்பைப் பூட்டிவிட்டால் வீடு தயார். இவ்வாறு சென்று காணும் மலைப் பூங்காக்களுள் பான்ஃப் என்பது, 1885-இல் சில வெந்நீரூற்றுகளைச் சூழ ஒதுக்கப்பெற்ற சிறு நிலத்திலிருந்து வளர்ந்த, கனடாவின் முதலாவது தேசியப் பூங்காவாகும். அங்குள்ள லூயிஸ் ஏரிப் பக்கமிருந்து ஜாஸ்பர் வரை ஏறக்குறைய 230 கிலோமீற்றர் நீளும் பெருவழியின் இருமருங்கும் பனிமலைகள் நிற்கும். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து அந்நாடு புகுந்தோரின் பிள்ளைகளும் இன்று அவ்வழிச் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் படங்களை நம் மாணவர் வியந்து பார்க்கின்றனர்.

வியக்கட்டும். ஆயின், உருளும் இல்லம் தமிழர்க்குப் புதியதன்று. பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உமணர் வண்டியை நினைவு கொள்க. அவ்வண்டியிலே கோழி அடைந்திருக்கும். காடிப் பானை கயிற்றிலே தொங்கும். குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்டுவாள். உப்பு விற்கப் போகும் குடும்பம் வழிமேலேயே குடியிருக்கிறது. அவ்வுமணர் வண்டியின் கீழே முன்னெச்சரிக்கையாக ஒரு மிகை அச்சைக் கட்டிச் செல்வர். ஔவையார் புறநானூற்றிலே பொகுட்டெழினியை அந்தச் சேமவச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்று மோட்டார் வண்டியில் மேலதிகச் சக்கரம் வைப்பதும் அதே முன்னறிவுதான்.

நம் வன்னியில் இம்மரபு கூடார வண்டியாய் நிலைத்தது. வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் குடும்பம் குடும்பமாய் வண்டி கட்டிய காலமொன்று இருந்தது. மேலே கிடுகுக் கூடாரம். உள்ளே வைக்கோலின்மேல் விரித்த பாய். மூலையிலே அரிசியும் பானையும் கட்டுச்சோறும். அடியிலே ஆடும் அரிக்கன் லாம்பு. மாங்குளத்துப் பக்கமிருந்து வருவோர் பாலையும் முதிரையும் செறிந்த காட்டினூடே ஒட்டுசுட்டானையும், நீர்வளத்தைப் பெயரிலேயே கொண்ட தண்ணீரூற்றையும், முள்ளியவளையையும் கடந்து நந்திக்கடற் கரையை அடைவர். குளக்கட்டில் எருதவிழ்த்துச் சமைத்து உண்பர். யானைக்கு அஞ்சி இரவில் வண்டிகளை அணியாக நிறுத்துவர். கடல்நீர் வார்த்து விளக்கெரிக்கும் அக்கோயிலின் பொங்கல் முடிந்ததும் அதே வழியால் வீடு திரும்புவர். வீட்டு முற்றத்திலே நுகம் இறக்கிய பின்னரே யாத்திரை நிறைவுறும்.

பயணத்தைப் பழந்தமிழ் ‘செலவு’ என்றது. செலவு இனிதாவது மீட்சி உண்டு என்னும் உறுதியினாலன்றோ? மலைப் பூங்காவில் உலவும் குடும்பத்திற்குக் கல்கரியில் ஒரு கதவு காத்திருக்கிறது. வற்றாப்பளை சென்ற குடும்பத்திற்கு ஊரிலே ஒரு படலை காத்திருந்தது.

அப்படலை இல்லாத செலவையும் வன்னி கண்டது. 2008-இலும் 2009-இன் தொடக்கத்திலும் உழவுயந்திரப் பெட்டிகள் உருளும் இல்லங்களாயின. கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி ஏற்றினர். தையல் இயந்திரமும் துவிச்சக்கரவண்டியும் நெல்மூடையும் ஏறின. அவற்றின்மேல் முதியோரும் குழந்தைகளும் இருந்தனர். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று, இடந்தோறும் தறப்பாள் கட்டி, பதுங்குகுழி வெட்டி, மீண்டும் பெயர்ந்தனர். பெயருந்தோறும் சுமை குறைந்தது. 2009 மே மாதத்தில் வட்டுவாகற் பாலத்தைக் கடந்தவர்களுட் பலரிடம் ஒரு கைப்பைதானும் இல்லை. உறவினரையும் இழந்தே கடந்தனர். அவர்கள் சென்ற இடம் வவுனியாவின் செட்டிகுளத்து முகாம்கள். 2017-இல், வற்றாப்பளைக்கு அணித்தான கேப்பாப்புலவு மக்கள், இராணுவத்தின் வசமிருந்த தம் காணிக்கு மீள வேண்டி வீதியோரத்திற் கொட்டகையிட்டு அமர்ந்தனர். சொந்த நிலத்தின் வாயிலிலேயே வழிப்போக்கராய் இருந்த நிலை அது.

வற்றாப்பளையில் வீற்றிருப்பவளும் யார்? புகாரிலே தன் மனையை விட்டுப் புறப்பட்டு, அம்மனைக்கு மீளாத கண்ணகி. மீட்சியற்ற செலவின் துயரை அறிந்தவளிடமே வன்னி மக்கள் ஆண்டுதோறும் சென்று மீள்கின்றனர். இன்று பஸ்ஸிலும் வானிலும் முச்சக்கரவண்டியிலும் செல்வோரே மிகுதி. எனினும் வழியும் விளக்கும் பழையனவே.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கனடாப் படங்களை வியக்கும் மாணவரிடம் ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுங்கள். கூடார வண்டியின் உறுப்புகளையும் அதில் ஏற்றிய பொருள்களையும் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். அச்சு, கடையாணி, ஆரக்கால், வட்டை என்னும் சொற்களைத் தொழிலோடு அறிந்து சொல்வோர் அருகி வருகின்றனர். 2009-இல் தம் வீட்டார் பெட்டியில் ஏற்றியவற்றையும், வழியிலே இறக்கி விட்டவற்றையும், வீட்டார் விரும்பிச் சொன்னால் மட்டும் அருகே எழுதட்டும். சொல்ல நாவெழாதாரை வற்புறுத்தல் ஆகாது. அவ்விரு பட்டியலையும் ஒருசேரப் படிக்கும் மாணவனுக்குச் செலவு என்பது யாது, பெயர்வு என்பது யாது என்று நாம் உரை விரிக்க வேண்டியதில்லை.