வயல் எலியைப் பிடிக்கும் காலம் சித்திரை

பெரியகல்லாற்றுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. எழுவான்கரையில் குடியிருக்கும் பலருக்கு வயல் இருப்பது வாவிக்கு அப்பால், படுவான்கரையில். குருமண்வெளித் துறையில் பாதைப் படகேறி மண்டூர்ப் பக்கம் இறங்கினால், பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையில் வட்டைகள் சும்மா கிடக்கும் சில வாரங்கள் உண்டு. எலியைப் பிடிக்க அதைவிட நல்ல காலம் இல்லை. அந்த வாரங்களைத்தான் நாம் கைநழுவ விடுகிறோம்.

நெல் குடலைப் பருவத்துக்கு வரும்போதுதான் வயல் எலி பெருகத் தொடங்குகிறது. சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் சாதாரணம். கதிர் சாய்ந்து கிடப்பதைக் கண்டு பொறி தேடும்போது வளைக்குள் அடுத்த தலைமுறை பிறந்திருக்கும். சித்திரையில் அப்படியில்லை. தீனி குறைவு, எலியும் குறைவு. எஞ்சியவை வரம்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கியிருக்கும். அப்போது பிடிபடும் ஒரு பெண் எலி, பின்னால் வரவிருக்கும் ஒரு கூட்டத்துக்குச் சமம்.

பொறிக்கு முன் கண் வேலை செய்ய வேண்டும். வட அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி நாய் என்னும் வளைவாழ் கொறிணியை ஆராய்ந்த ஜான் ஹூக்லாண்ட், 1970களிலிருந்து பல பத்தாண்டுகள் அவற்றைக் கூட்டுப்பொறியில் பிடித்து, காதில் வில்லையிட்டு, உடலில் சாயக்குறி போட்டு விட்டுவிட்டு அவதானித்தார். அவை பகலில் கூட்டமாக நடமாடுபவை. நமது வயல் எலியோ இரவில் திரிவது. வளர்ந்த எலி பெரும்பாலும் வளைக்கு ஒன்றாகவே இருக்கும். ஆகவே எலியைப் பார்க்க முடியாது, வளையைத்தான் பார்க்க வேண்டும். மாலையில் எல்லா வாய்களையும் சேற்றால் அடைத்துவிட்டு, காலையில் எது திறந்திருக்கிறது, எதன் வாயில் புதுமண் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். அவைதான் ஆளுள்ள வளைகள். பொறி அங்கே போகட்டும்.

புதுப்பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். கருவாடோ சுட்ட தேங்காயோ வைத்து, இரண்டு மூன்று இரவு கூட்டைப் பூட்டாமல் விட்டுப் பழக்கிய பிறகே பூட்ட வேண்டும். கூட்டை எலி ஓடும் தடத்தில், வரம்போடு ஒட்டி வையுங்கள். வரம்பு முப்பது சென்றிமீற்றருக்கு மேல் அகலமாக இருந்தால் வளை தோண்ட வசதி. மண்வெட்டியால் ஒடுக்கிவிடுவது பல பொறிகளுக்கு ஈடு.

தனியாக ஒருவர் செய்து பயனில்லை. பக்கத்து வயல் எலி அடுத்த வாரமே வந்து குடியேறும். வட்டை விதானை முன்னின்று முழு வட்டையும் ஒரே வாரத்தில் பிடிக்க வேண்டும். விதைப்பையும் இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி விதைத்தால் எலிக்குக் குடலைப் பருவம் நீண்டுகொண்டே போகும்.

எலி பிடிப்பவர் எலிக்காய்ச்சலையும் கவனிக்க வேண்டும். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் அந்நோய்ச் சந்தேகத்துக்குரியவர்களாகப் பதிவாகினர். எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீர் புண் வழியே உடலில் ஏறுகிறது. வெறுங்கையால் எலியைத் தொடாதீர்கள். செத்ததை ஆழப் புதையுங்கள். வயலில் இறங்குமுன் களுவாஞ்சிகுடி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் பற்றிக் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால் பிந்தாமல் ஆசுபத்திரிக்குப் போங்கள். வயலில் நின்றதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.