எலாஸ்டேஸுக்கு ஒரு பொறி

"நுரையீரலுக்குப் புது ஊசி வந்திருக்காமே, அம்மாவோட இழுப்புக்கு அது கேட்குமா?" என்று ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் சொல்லும் மருந்து எஃப்டோரால்பிரின் ஆல்ஃபா. இன்ஹிப்ரெக்ஸ் நிறுவனம் உருவாக்கியதை 2024இல் சனோஃபி வாங்கியது. 2025இல் இரண்டாம் கட்டப் பரிசோதனை முடிவு வெளிவந்ததும் ஆரவாரம் தொடங்கிவிட்டது. ஆரவாரத்தை விடுங்கள், அது வேலை செய்யும் விதம் அற்புதமானது.

நுரையீரலில் கிருமியோ புகையோ நுழைந்தால் வெள்ளணுக்கள் ஓடிவந்து எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டும். அது காற்றறைகளுக்கு மீள்விசை தரும் எலாஸ்டின் இழைகளையும் சேர்த்தே அறுத்துவிடும். அதை அடக்கக் கல்லீரல் அனுப்புவது ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம். இது அசல் எலிப்பொறிதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வளையம் இதன் தேங்காய்த் துண்டு. அதில் 358ஆம் இடத்திலுள்ள மெத்தியோனினை எலாஸ்டேஸ் கடிக்கிறது. கடித்த கணத்தில் வில் தெறிக்கிறது. அறுந்த வளையம் புரதத்தின் தகட்டுக்குள் பாய்ந்து செருகிக்கொள்ள, கடித்த பல்லை எடுக்க முடியாமலே எலாஸ்டேஸ் மறுமுனைக்கு வீசப்பட்டு நசுங்குகிறது. வெட்டும் இடமே உருக்குலைந்துபோகும். ஒரு பொறி, ஒரு எலி. இரண்டையும் சேர்த்துக் கல்லீரல் அப்புறப்படுத்திவிடும். சிகரெட் புகை பட்டால் அந்த மெத்தியோனின் ஆக்சிஜனேறிக் கெட்டுவிடும். ஊசிப்போன தேங்காயை எலி சீந்தாது.

இந்தப் புரதம் குறைந்தவர்களுக்கு நுரையீரல் கெடுவதை 1963இல் சுவீடனின் லாரெல்லும் எரிக்சனும் எழுதினார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து தானமாகப் பெற்ற இரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து, வாரந்தோறும் ஏற்றுகிறார்கள்.

வாரந்தோறும் ஏன்? ஐந்தாறு நாளில் பாதி கரைந்துவிடும். புது மருந்தில் இந்தப் புரதத்தோடு ஆன்டிபாடியின் எஃப்.சி. என்ற வால்பகுதியை ஒட்டியிருக்கிறார்கள். செல்கள் இரத்தப் புரதங்களை விழுங்கிச் செரிக்கப்போகும்போது, ஓர் ஏற்பி அந்த வாலைப் பிடித்து வெளியே விட்டுவிடும். பொறிக்குக் கைப்பிடி வைத்ததுபோல! குப்பையோடு போகவிருந்ததை எடுத்து மறுபடியும் மூலையில் வைக்கலாம். அதனால்தான் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துச் சோதித்தார்கள்.

சோதனையில் இரத்தத்தில் புரத அளவு சாதாரண நிலைக்கு வந்தது உண்மை. ஆனால் காற்றறைகள் எவ்வளவு தப்பின என்பது வேறு கேள்வி. போன காற்றறை திரும்பி வராது. தவிர, இது பிறவியிலேயே அந்தப் புரதம் குறைந்தவர்களுக்கான மருந்து.

கவ்வாத்து மிலாறையும் ஈர விறகையும் எரித்து, புகைபோக்கி இல்லாத லயக் காம்பராவில் காலமெல்லாம் சமைத்த அம்மாவுக்குப் பெரும்பாலும் பொறிகளில் குறை இருக்காது. புகை நாள்தோறும் எலிகளைக் கூட்டி வருவதுதான் அங்கே பிரச்சினை. அதை எந்த ஊசியும் நிறுத்தாது.

அம்மாவை ஆஸ்பத்திரி நெஞ்சுநோய் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஊதிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்யுங்கள். நாட்பட்ட மூச்சடைப்பு என்று தெரிந்தால், ஆல்ஃபா-1 அளவை ஒருமுறை பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இன்ஹேலர் தந்தால் விடாமல் இழுக்கச் சொல்லுங்கள். அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பதை இந்த மருந்து வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.